டபுள் கிளேசிங் இருந்தும் ஊதக்காற்று: ஜன்னலை மாற்றணுமா, நானே சரிசெய்யலாமா?

திருச்சி_டூ_ஹாரோ | 3 டிசம்பர், இரவு 10.15

வணக்கம். லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய செமி வீடு (ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியது), வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஜன்னல் எல்லாம் வெள்ளை யுபிவிசி பிளாஸ்டிக், இரட்டைக் கண்ணாடி. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஓடும் அலுமினியப் பட்டையில் 1998 என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. போன குளிர்காலத்தில் மாடி முன்னறையில் யாரும் படுக்கவில்லை, அதனால் தெரியவில்லை. இந்த வருஷம் அம்மா ஊரிலிருந்து வந்து அந்த அறையில் படுக்கிறார். தினமும் காலையில் ஒரே கேள்வி: "ராத்திரி ஜன்னலைச் சாத்த மறந்துட்டியா?" ஜன்னல் சாத்தி, பூட்டி, சாவி என் பையில் இருக்கிறது. ஆனால் திரைச்சீலை மட்டும் லேசாக ஆடுகிறது.

ஒரு கம்பெனி ஆளை வரச்சொன்னேன். ஐந்து நிமிஷம் ஜன்னலைப் பார்த்தார், இரண்டு மணி நேரம் என்னிடம் பேசினார். ஏழு ஜன்னலுக்கு 7,400 பவுண்டாம். இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் 5,900.

நானும் ஒரு வைத்தியம் செய்து பார்த்தேன். கடையில் விற்கும் ஒட்டுகிற ஸ்பாஞ்சுப் பட்டையை வாங்கி, ஏற்கனவே இருக்கும் ரப்பர் மேலேயே சுற்றி ஒட்டினேன். இப்போது கைப்பிடியைத் திருப்ப இரண்டு கை வேண்டியிருக்கிறது. காற்று வருவது நிற்கவில்லை. எனக்கு அலமாரி பொருத்தத் தெரியும், அதற்கு மேல் கைவேலை தெரியாது. என்ன செய்யலாம்?

---

ஈஸ்ட்ஹாம்_ராணி | 3 டிசம்பர், இரவு 10.31

இரண்டு மணி நேரத்தில் 1,500 பவுண்ட் குறைகிறது என்றால் இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்திருக்கலாமே, தம்பி.

---

யன்னல்காரன் | 4 டிசம்பர், காலை 6.50

தம்பி, முதலில் அந்த ஸ்பாஞ்சைக் கழற்றி எறியுங்கோ. அது இருக்கும்வரை யன்னல் கதவு நிலையில் சரியாக உட்காராது. கீல், பூட்டு எல்லாம் இழுபடும், ஒரு நாள் கைப்பிடி கையோடு வரும்.

இருபது வருஷமாக இந்த நாட்டில் யன்னல் பூட்டுகிற, அதாவது பொருத்துகிற, வேலை செய்கிறேன். "யன்னலால் காற்று வருகுது" என்று கூப்பிடுகிற வீடுகளில் முழு யன்னலையும் மாற்ற வேண்டி வந்தவை கொஞ்சம்தான். நிலைச்சட்டம் கோணாமல், வெடிக்காமல் இருந்தால் அதற்கு இன்னும் ஆயுள் இருக்குது. கெடுவது ரப்பரும் கீலும் பூட்டும். அவை மூன்றும் கழற்றி மாட்டக்கூடிய சாமான்கள்.

ஆனால் ஒன்றும் வாங்காதையுங்கோ. காற்று எங்கே வருகுது என்று முதலில் பாருங்கோ. வெளியே நல்ல காற்று அடிக்கிற நாளில் வீட்டின் எல்லா யன்னலையும் சாத்தி, குசினி எக்ஸ்ட்ராக்டரையும் பாத்ரூம் விசிறியையும் போட்டுவிடுங்கோ. வீட்டுக்குள்ளே இருக்கிற காற்றை அவை வெளியே இழுக்கும், அதை ஈடுகட்ட வெளிக்காற்று ஓட்டை இருக்கிற இடமெல்லாம் உள்ளே வரும். பிறகு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, யன்னலின் நாலு ஓரமும் மெதுவாகக் கொண்டுபோங்கோ. யன்னல் சீலையை முதலே கழற்றிவிடுங்கோ, நெருப்பு.

புகை எங்கே நேரே எழும்புது, எங்கே படுத்து ஓடுது, எங்கே கீழே வழியுது என்று ஒரு தாளில் குறியுங்கோ. கீழே வழிகிறதையும் கட்டாயம் குறிக்க வேணும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது கடதாசிச் சோதனை. ஒரு ஏ4 தாளைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே வைத்துச் சாத்திப் பூட்டி, தாளை இழுங்கோ. இறுக்கமாகப் பிடிக்க வேணும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுத்தவில்லை என்று கருத்து.

---

திருச்சி_டூ_ஹாரோ | 6 டிசம்பர், மாலை 4.20

நன்றி அண்ணா. இன்று நல்ல காற்று, செய்து பார்த்துவிட்டேன். "பூஜை அறை அங்கே இருக்கு, நீ ஜன்னலுக்குச் சாம்பிராணி போட்டுக்கிட்டு இருக்கியே" என்று அம்மா சிரித்தார். அப்புறம் அவரே பத்தியை வாங்கிக்கொண்டார். என்னைவிடப் பொறுமையாகக் காட்டினார்.

முன்னறை ஜன்னலில் கைப்பிடி இருக்கும் பக்கம், கீழ் மூலையில், புகை அப்படியே படுத்து அறைக்குள் ஒன்றரை அடி ஓடியது. அதே மூலையில் தாளும் பிடி இல்லாமல் வந்தது. குனிந்து பார்த்தால் ரப்பர் மூலையில் சுருங்கி, என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இடைவெளி. மேல் பக்கம் தாள் இறுக்கமாக நின்றது. கீல் பக்கம் நடுவில் சுமார், கீழே போகப் போக லூஸ்.

ஜன்னலுக்குக் கீழே உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பலகை சுவரைத் தொடும் இடத்தில் புகை சிதறியது. அங்கே பெயின்ட் வெடித்திருக்கிறது.

பின்னறைதான் புரியவில்லை. அங்கே ஓரங்களில் புகை நேராக எழுந்தது, தாளும் இறுக்கம். ஆனால் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தால் புகை கண்ணாடியை ஒட்டிக் கீழே இறங்கி, தரைக்குப் போய் நம் காலைத் தேடி வருகிறது.

---

யன்னல்காரன் | 6 டிசம்பர், இரவு 8.05

இதைத்தான் எதிர்பார்த்தேன். பின்னறையில் ஓட்டையே இல்லை, தம்பி. கண்ணாடியைத் தொட்டு நிற்கிற உள்காற்று குளிர்ந்து பாரமாகிக் கீழே இறங்குது. காலில் படும்போது வெளிக்காற்று மாதிரியே இருக்கும். யன்னலுக்குக் கீழேயே ரேடியேட்டர் வைக்கிற வழக்கம் வந்ததே இதனால்தான், சூடு மேலெழும்பி அந்தக் குளிரை மறிக்க. பின்னறையில் ரேடியேட்டர் எங்கே இருக்குது? எதிர்ச்சுவரில் என்றால் கதை முடிந்தது. அந்த யன்னலுக்கு ரப்பர் மாற்றிக் காசைக் கரியாக்காதையுங்கோ. தடித்த சீலை ஒன்று, யன்னல் பலகையில் முட்டுகிற நீளத்துக்குப் போடுங்கோ.

முன்னறையில் மூன்று வேலை இருக்குது. முதலில் காசில்லாத வேலை. கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கோ. நீளமாக ஓர் இரும்புப் பட்டை இருக்கும், அதில் காளான் மாதிரித் தலை வைத்த குமிழ்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். கைப்பிடியைத் திருப்பினால் அவை நகர்ந்து நிலையில் இருக்கிற கொண்டிக்குள் நுழைந்து கதவை இழுத்துப் பிடிக்கும். பெரும்பாலான குமிழ்களின் நடுவே ஆறுமுகக் குழி ஒன்று இருக்கும், 4 மில்லிமீட்டர் ஆலன் கீ போகும். குமிழின் மையம் வேண்டுமென்றே ஒரு பக்கம் தள்ளி வைத்தது. அதனால் ஒரு பக்கம் திருப்பினால் கதவு இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும். கால் சுற்றுத் திருப்பி, சாத்தி, தாளை வைத்துப் பாருங்கோ. கடைசியில் கைப்பிடி கொஞ்சம் பாரமாகத் திரும்ப வேணும், அவ்வளவுதான். பலம் போட வேண்டி வந்தால் கூடிப்போச்சு, திரும்பத் தளர்த்துங்கோ.

---

கவென்ட்ரி_வாசி | 6 டிசம்பர், இரவு 9.12

மன்னிக்கவும், நான் வேறு மாதிரி நினைக்கிறேன். 1998 ஜன்னல் என்றால் இருபத்தைந்து வயதுக்கு மேல். ரப்பர் மாற்றலாம், குமிழைத் திருகலாம், ஆனால் கண்ணாடி பழைய கண்ணாடிதான். அந்தக் காலத்துச் சாதாரண இரட்டைக் கண்ணாடியில் யு மதிப்பு (எவ்வளவு வெப்பம் வெளியே போகிறது என்ற அளவு) 2.8 பக்கம் இருக்கும். இப்போது இங்கிலாந்தில் மாற்றும் ஜன்னலுக்கு 1.4 தான் வரம்பு. வெப்பம் போவதில் பாதி. நான் மூன்று வருஷம் முன்னால் எல்லாவற்றையும் மாற்றினேன், வருத்தமில்லை.

---

பாதி_ப்ளம்பர் | 6 டிசம்பர், இரவு 9.40

கணக்கு சரி. ஆனால் அதற்கு நிலையைப் பெயர்க்க வேண்டுமா? கண்ணாடி ஜோடியை மட்டும் மாற்றலாமே. உள்பக்கம் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் பட்டையைக் கழற்றினால் கண்ணாடி வெளியே வரும். புதிதாகப் போடும்போது வெப்பத்தைத் தடுக்கும் உள்பக்கப் பூச்சு உள்ள கண்ணாடி, நடுவே ஆர்கன் வாயு என்று ஆர்டர் கொடுத்தால் அதே பழைய சட்டத்தில் உட்காரும். பழைய ஜோடியின் கனத்தை மட்டும் சரியாக அளக்கணும். 28 மில்லிமீட்டர் நிறைய இருக்கும், 24ம் 20ம் உண்டு. நான் குசினியில், மன்னிக்கவும், கிச்சனில் (யன்னல்காரர் பேச்சு ஒட்டிக்கொள்கிறது) இரண்டு கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்ட ஒன்றை அப்படித்தான் மாற்றினேன். ஆவி உள்ளே நுழைந்துவிட்டால் துடைக்க வழியில்லை, ஜோடியின் ஓரச் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஆள் போய்வரும் கதவில் அல்லது தரையிலிருந்து 800 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கண்ணாடி என்றால் பாதுகாப்புக் கண்ணாடிதான் போடணும், மறக்காதீர்கள்.

இன்னொன்று. நிலையோடு முழு ஜன்னலை மாற்றினால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2002 ஏப்ரலிலிருந்து கட்டட விதிச் சான்று வேண்டும். ஃபென்சா மாதிரி ஒரு திட்டத்தில் பதிந்த ஆள் போட்டால் அவரே தருவார், இல்லையென்றால் கவுன்சிலுக்கு எழுதணும். வீடு விற்கும்போது வக்கீல் முதலில் கேட்கும் தாள் அது. ரப்பர், கீல், கண்ணாடி ஜோடி மட்டும் மாற்றுவதற்கு அந்தத் தொல்லை இல்லை.

---

யன்னல்காரன் | 7 டிசம்பர், காலை 6.30

கவென்ட்ரித் தம்பி சொல்வதில் பிழை இல்லை, காசு இருந்தால். ஆனால் புது யன்னலையும் கீல் கோணலாகப் பூட்டினால் அதே மூலையால் அதே காற்று வரும். அப்படி எத்தனையைத் திருத்தியிருக்கிறேன்.

---

டூட்டிங்_மாடிவீடு | 7 டிசம்பர், மதியம் 1.15

நான் வாடகைக்கு இருக்கிறேன். இதே பிரச்சினை. நானே ரப்பர் வாங்கி மாற்றலாமா?

---

ஈஸ்ட்ஹாம்_ராணி | 7 டிசம்பர், மதியம் 1.40

நீங்கள் ஏன் காசு போடணும்? 1985ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தில் (லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் ஆக்ட்) 11ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, வீட்டுக் கட்டுமானத்தையும் வெளிப்புறத்தையும் பழுது பார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. ஜன்னலும் அதில் அடக்கம். போனில் சொல்லாதீர்கள், ஈமெயிலில் படத்தோடு எழுதுங்கள். நான் போனில் சொல்லி இரண்டு குளிர்காலம் போனது.

ஃப்ளாட் சொந்தமாக வாங்கியவர்களும் லீஸைப் படித்துப் பாருங்கள். பல கட்டடங்களில் ஜன்னல் சட்டகம் நம்முடையதே இல்லை.

---

திருச்சி_டூ_ஹாரோ | 10 டிசம்பர், இரவு 9.50

குமிழ் வேலை முடிந்தது. மூன்றில் இரண்டு திரும்பின, ஒன்று துருவேறி அசையவே இல்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இரவு முழுக்க விட்டேன், காலையில் திரும்பிவிட்டது. மேல் பாதி நன்றாக இறுகிவிட்டது. கீழ் மூலை மட்டும் அடம்.

சரி, ரப்பரை மாற்றலாம் என்று ஒரு துண்டை இழுத்தேன். பழைய மிட்டாய் மாதிரி ஒடிந்து கையில் வந்தது. இணையத்தில் பார்த்தால் நூறு வகை ரப்பர் இருக்கிறது, எதை வாங்குவது?

---

யன்னல்காரன் | 10 டிசம்பர், இரவு 10.20

படத்தைப் பார்த்து வாங்காதையுங்கோ. மேல் பக்கத்து ரப்பரில் இரண்டு அங்குலம் வெட்டி எடுங்கோ, அங்கேதான் வெயிலும் மழையும் குறைவு, வடிவம் கெட்டிருக்காது. வெட்டுமுகத்தைப் பாருங்கோ. நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குதா, குழாய் மாதிரி உருண்டையா? அதைவிட முக்கியம் பின்பக்கம் காடிக்குள் (சட்டத்தில் இருக்கிற நீளப் பள்ளம்) போகிற அம்புத்தலை. அதன் அகலம் பொருந்தாவிட்டால் ரப்பர் நிற்காது. துண்டைத் தபாலில் அனுப்பினால் அதே மாதிரி பார்த்துத் தருகிற கடைகள் இருக்குது. சில யன்னல்களில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் சேர்த்தே வார்த்திருப்பார்கள், அது உருவ வராது. உங்களுடையது ஒடிந்து கையில் வந்தபடியால் காடியில் செருகிய ரகம்தான்.

பூட்டுகிறபோது ஒரு விஷயம் மட்டும் மனதில் வையுங்கோ: இழுக்கக்கூடாது. ரப்பரைக் கையால் இழுத்து இழுத்துச் செருகினால் அன்றைக்கு அழகாக இருக்கும். ஆறு மாதத்தில் அது தன் பழைய நீளத்துக்குச் சுருங்கி மூலையில் வாயைப் பிளக்கும். உங்கள் மூலையில் இருக்கிற இடைவெளியும் 1998இல் யாரோ அவசரமாக இழுத்துப் பூட்டியதாகத்தான் இருக்கும். மேல் சட்டத்தின் நடுவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிச் செருகி, சுற்றி வந்து அதே இடத்தில் முடியுங்கோ. இணைப்பு மேலே இருந்தால் மழைத்தண்ணி தேங்காது. முடிக்கும்போது அரை சென்டிமீட்டர் கூட விட்டு வெட்டி, நெருக்கி உள்ளே தள்ளுங்கோ.

---

பாதி_ப்ளம்பர் | 11 டிசம்பர், காலை 8.05

ஒரு எச்சரிக்கை, என் சொந்தச் செலவில் கற்றது. சட்டத்தின் கீழ்ப்பக்கம் காடியில் சின்னச் சின்ன நீளத் துளைகள் இருக்கும். வெளியே பார்த்தாலும் கீழே தெரியும். "ஆகா, காற்று வரும் வழி இதுதான்" என்று நான் அத்தனையையும் சிலிக்கான் வைத்து அடைத்தேன். சட்டத்துக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறும் வழி அது. அடுத்த மழைக்குத் தண்ணீர் உள்ளே ஏறி, ஜன்னல் பலகை வழியாகக் கட்டில் மேல் சொட்டியது. மனைவி பக்கம்.

---

திருச்சி_டூ_ஹாரோ | 20 டிசம்பர், இரவு 7.35

ரப்பர் வந்தது, போட்டாயிற்று. ஒரு ஜன்னலுக்கு உள் வரிசை, வெளி வரிசை இரண்டும் சேர்த்து ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பதினைந்து மீட்டர் சுருளாகத்தான் கிடைத்தது, 21 பவுண்ட்.

பழைய ரப்பரை உருவியதும் காடியில் கறுப்பு மண், செத்த எறும்பு, ஒரு பழைய பைசா கூட (ஒரு பென்னி, எப்படி நுழைந்ததோ). பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் வைத்துக் கழுவினேன். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து தடவினால் புது ரப்பர் வழுக்கிக்கொண்டு போகிறது. நேர்ப்பகுதிகள் பத்து நிமிஷம். நாலு மூலையும் ஒரு மணி நேரம். மூலையில் ரப்பர் மடங்கிப் புடைத்தது. பின்பக்க அம்புத்தலையில் மட்டும் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, முன்பக்க நாக்கைத் தொடாமல் விட்டதும் பணிந்துவிட்டது. விரல் நுனி எரிகிறது. ஆனால் கதவு சாத்தும்போது சத்தமே மாறிவிட்டது. முன்பு தகரடப்பா மாதிரி இருந்தது, இப்போது பழைய அம்பாசிடர் கார் கதவு மாதிரி "டப்".

ஆனால் அந்தக் கீழ் மூலையில் இன்னும் லேசாகக் காற்று வருகிறது. தோட்டத்தில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, கதவே கோணல். மேலே நிலைக்கும் கதவுக்கும் இடையில் உள்ள கோடு ஒரே சீர். கீழே வரும்போது 4 மில்லிமீட்டர் விரிகிறது.

---

யன்னல்காரன் | 20 டிசம்பர், இரவு 9.00

கீழ்க் கீல் தேய்ந்துபோச்சு. கதவைப் பாதி திறந்து கீலில் இருக்கிற ரிவெட்டுகளை ஆட்டிப் பாருங்கோ, ஆடும். கீலை ஜோடியாகத்தான் மாற்ற வேணும், மேலும் கீழும்.

வாங்குமுன் மூன்று அளவு. கீலின் நீளம். கதவு பக்கவாட்டில் திறக்குதா, மேலே கீல் வைத்துக் கீழே திறக்குதா என்பது, இரண்டுக்கும் கீல் வேறு. மூன்றாவது கீலின் உயரம்: சாத்தியபடி இருக்கும்போது அதன் மொத்தக் கனம் 13 மில்லிமீட்டரா 17 மில்லிமீட்டரா என்று. இதில் பிழைத்தால் கதவு சாத்தவே சாத்தாது.

இது மாடிப் படுக்கையறை. நெருப்புப் பிடித்தால் அந்த யன்னலால் ஆள் வெளியேறக்கூடிய மாதிரி அகலமாகத் திறக்கிற கீல் போட்டிருப்பார்கள், அதே வகையைத்தான் திரும்பவும் போட வேணும். இங்கிலாந்து விதியில் திறப்பு 0.33 சதுர மீட்டர், அகலமோ உயரமோ 450 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. மலிவு என்று சாதாரணக் கீலைப் போட்டுத் திறப்பைக் குறுக்கிவிடாதையுங்கோ, அம்மா படுக்கிற அறை.

தனியாகச் செய்யாதையுங்கோ. 4 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு என்றால் சதுர மீட்டருக்கு 20 கிலோ. 600க்கு 1050 அளவுக் கதவு என்று வையுங்கோ, கண்ணாடி மட்டும் பன்னிரண்டரைக் கிலோ, சட்டம் வேறு. கீழே நடைபாதையில் ஆள் போகாத நேரமாகப் பார்த்து, ஒருத்தர் கதவைக் கட்டிப்பிடிக்க மற்றவர் திருகுங்கோ.

---

திருச்சி_டூ_ஹாரோ | 28 டிசம்பர், மாலை 5.10

மச்சான் லீவுக்கு வந்திருந்தார், அவரைக் கதவைப் பிடிக்க வைத்தேன். கீல் ஜோடி 18 பவுண்ட். பழைய திருகுத் துளைகளில் இரண்டு தேய்ந்து, திருகு சும்மா சுற்றியது, ஒரு சுற்றுத் தடித்த ஸ்டெயின்லெஸ் திருகு போட்டதும் பிடித்துக்கொண்டது. புதுக் கீல் போட்டபின் குமிழ்களைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது.

ஜன்னல் பலகைக்கு அடியில் வெடித்த பெயின்ட்டைச் சுரண்டினால் உள்ளே பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதிகம் உப்பாத வகை ஃபோம் அடித்து, காய்ந்ததும் வெட்டி, மேலே பெயின்டர்கள் விரிசலுக்கு வைக்கும் கால்க் பசை பூசினேன். ஊதுபத்தி மறுபடி காட்டியதில் அம்மாவுக்குத் திருப்தி.

இப்போது புதுக் குழப்பம். இரண்டு நாளாகக் காலையில் அந்தக் கண்ணாடியின் உள்பக்கம் ஓரமெல்லாம் தண்ணீர்.

---

அடுப்படி_அம்மு | 28 டிசம்பர், மாலை 5.45

ஈரத்துணியை எங்கே காயப்போடுகிறீர்கள்? இட்லி அவிக்கும்போது எக்ஸ்ட்ராக்டர் போடுகிறீர்களா?

---

திருச்சி_டூ_ஹாரோ | 28 டிசம்பர், மாலை 5.52

அம்மா அறை ரேடியேட்டர் மேல்தான் துணி. எக்ஸ்ட்ராக்டர் சத்தம் பிடிக்காது என்று அம்மா அணைத்துவிடுகிறார்.

---

பாதி_ப்ளம்பர் | 28 டிசம்பர், மாலை 6.30

அதேதான். முன்பு அந்த ஈரத்தை ஓட்டை வழியாக வீடே வெளியேற்றியது. இப்போது ஓட்டை இல்லை. அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 12 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பிலும் நீர் கட்டும். கண்ணாடியின் ஓரம்தான் முதலில் குளிரும், அங்கே அலுமினியப் பட்டை இருக்கிறதே.

ஜன்னல் சட்டத்தின் மேலே நீளமாக ஒரு வெள்ளை மூடி இருந்தால் அது ட்ரிக்கிள் வென்ட், அறைக்குக் காற்றோட்டம் தர வைத்த சின்ன வழி, அதைத் திறந்து வையுங்கள். அதை ஊதக்காற்று என்று நினைத்து டேப் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்புறம் மூலையில் கரும்பூஞ்சை வரும். கேஸ் கணப்பு இருக்கும் அறையில் சுவர்த் துளை இருந்தால் அதைத் தொடவே கூடாது, கார்பன் மோனாக்ஸைடு விஷயம்.

---

திருச்சி_டூ_ஹாரோ | 9 ஜனவரி, இரவு 9.25

வென்ட் இருந்தது, முன்னால் இருந்தவர்கள் பெயின்ட் அடித்தே மூடியிருக்கிறார்கள். பிளேடால் கீறித் திறந்தேன். துணி கீழே பாத்ரூமுக்கு மாறியது, விசிறி ஓடுகிறது. கண்ணாடியில் தண்ணீர் காலையில் ஒரு கோடு மட்டும். அம்மா நேற்று ராத்திரி ஒரு கம்பளியைக் கழற்றிவிட்டார், இன்று காலை அறை புழுக்கமாக இருக்கிறது என்கிறார்.

மொத்தச் செலவு: ரப்பர் 21, கீல் 18, ஃபோம், கால்க், திருகு எல்லாம் சேர்த்து 14. பின்னறைக்குச் சீலை 45. அந்தக் கம்பெனியிலிருந்து மறுபடி போன் வந்தது, இப்போது 4,900க்கு இறங்கியிருக்கிறார்கள்.

பதினைந்து மீட்டர் சுருளில் பாதி மீந்திருக்கிறது. நாக்கு வகை, கறுப்பு. ஹாரோ, வெம்ப்ளி பக்கம் யாருக்காவது பொருந்தினால் வந்து எடுத்துக்கொள்ளலாம், பழைய ரப்பர் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள்.

---

டூட்டிங்_மாடிவீடு | 9 ஜனவரி, இரவு 9.41

வீட்டுக்காரர் சரி செய்து தருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறார். பிப்ரவரியிலாம். அதுவரைக்கும் ஒரு மீட்டர் எனக்கு எடுத்து வையுங்கள், சனிக்கிழமை வருகிறேன்.